அன்னாரியல்: கனகராயன்குளத்துச் சுவர்கள் வழி ஒரு பகுப்பு நூல்

பாயிரம்

மாணாக்க, அமர்க. எழுதுகோல் எடுக்க. இந்நூல் அன்னார் என்னும் அருஞ்சொல்லையும் அது குடியிருக்கும் தொடர்களையும் வகுத்துரைக்கும். ஆய்களம் கனகராயன்குளம். வவுனியா வடக்கில், ஏ9 நெடுஞ்சாலையில், தெற்கே புளியங்குளத்துக்கும் வடக்கே மாங்குளத்துக்கும் இடையில் உள்ள ஊர் அது. சான்றுகள் அவ்வூர்க் கடைச்சுவர், பேருந்துத் தரிப்பிடம், மின்கம்பம், மதகுக் கட்டு ஆகியவற்றில் கோதுமை மாப்பசையால் ஒட்டப்பட்ட இறப்பறிவித்தல்கள். ஆள்பெயர் வரவேண்டிய இடங்களில் ‘இன்னார்’ என்று இட்டுள்ளோம். மேற்கோளில் வரும் வடசொற்களை யாம் களையவில்லை. செத்தவீட்டில் சொல்லாராய்ச்சி செய்வோரை அவ்வூரார் விரும்புவதில்லை.

1. சொல்

அன்ன என்பது உவம உருபு. அதனோடு ஆர் சேர்ந்தால் அன்னார். திருக்குறளில் இச்சொல் தனித்து நில்லாது. முன்னால் ஓர் உவமையைக் கேட்கும். 667ஆம் குறளில் தேரின் அச்சாணி, 969இல் கவரிமா, 1323இல் நிலத்தோடு கலந்த நீர் என ஒவ்வொன்றையும் முன்னிட்டே அன்னார் வருகின்றார். கனகராயன்குளத்து அன்னார் எதையும் முன்னிடார். தொடரின் தலையிலேயே வந்து நின்றுவிடுவார். எவரைப் போன்றவர் என்று கேட்போர்க்கு விடை மேலே உள்ள ஒளிப்படம். உவமையைக் கழற்றிவிட்டுச் சுட்டுப்பெயராகிவிட்ட இம்மாற்றத்தை உவமையுதிர்வு என்க.

சுட்டு மூன்று: அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம், இடைமைக்கு உகரம். உகரச் சுட்டைத் தமிழகத்தார் பேச்சில் கைவிட்டனர். ஈழத்தார் உவன், உது, உங்கை என்று இன்றும் ஆள்கின்றனர். ஆதலின் இன்னார், உன்னார், அன்னார் என மூன்று வடிவமும் வன்னியில் வழங்குதல் வேண்டும். இன்னார் உண்டு, ‘உவர் இன்னாற்றை மகன்’ என்று கடையடியில் நாள்தோறும் கேட்கலாம். உன்னார் இல்லை. அவ்வடிவம் ‘நினையாதவர்’ என்று பொருள்படுமாகலின் நினைவஞ்சலித் தாளில் அதற்கு இடமில்லை. எனவே இன்னாராய் இருப்பவர் இடைநிலை ஏதுமின்றி நேரே அன்னார் ஆகின்றார்.

இனி மதிப்பேற்றம். ஆர் விகுதி உயர்வு குறிப்பது. கள்ளுத்தவறணைக்குப் போகும் வழியில் ‘உவன் வாறான், படலையைச் சாத்து’ என்று நாற்பது ஆண்டுகளாகச் சுட்டப்பட்ட ஒருவர், மறுநாட் காலை அதே படலைக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில் அன்னார் என நிற்பதைக் காண்க. ஓரிரவில் அன் விகுதியிலிருந்து ஆர் விகுதிக்கு ஏறும் பெயர் தமிழில் பிறிதொன்று இருப்பதாக யாம் அறியோம். இவ்வேற்றம் பெண்பாலுக்கும் ஒக்கும்.

2. பரவல்

சுருங்கச் சொல்லின், வாயில் இரண்டு: தாள், ஒலி. கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கிற்று. பின்னாளில் இலங்கை வானொலியின் இறப்பறிவித்தல் நேரம் வீடுதோறும் பேச்சை நிறுத்தியது. தாள் வழியில் வீரகேசரி 1930, தினகரன் 1932, யாழ்ப்பாணத்து ஈழநாடு 1959, உதயன் 1985 எனக் கொள்க. சுவர் இவற்றிலெல்லாம் இளையது. ஆனால் காசு கேளாதது.

ஆங்கிலத்தார்க்கும் இத்தகைய சொல் ஒன்றுண்டு. கைம்பெண்ணைப் பழங்கல்லறைகளில் ‘ரெலிக்ட்’ என்று பொறித்தனர். எஞ்சியவள் என்பது பொருள். கல்லறைக்கு வெளியே அச்சொல்லைக் காண்பது அரிது. அவர்கள் எஞ்சியவருக்குச் சொல் ஒதுக்கினர். நாம் போனவருக்கு ஒதுக்கினோம். தமிழகத்துச் சுவரொட்டிகளிலும் அன்னார் உண்டு. பெரும்பாலும் ‘அன்னாரது இறுதி ஊர்வலம்’ என ஆறாம் வேற்றுமையோடு அமைந்துவிடுவார். முழு வளர்ச்சி கண்டது ஈழத்திலே.

3. முன்னடை

அன்னார் நேரே தோன்றார். முதலில் அவரது இடம் சொல்லப்படும்: ‘…ஐப் பிறப்பிடமாகவும் …ஐ வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார்.’ இதனை இடவடை என்க. அதனுடையோர் மூவர்.

ஓரிடத்தார்: ‘கனகராயன்குளத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட.’ குறுகி வருவர்.

ஈரிடத்தார்: யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்து குளத்தையும் வயலையும் நம்பி வன்னிக்கு வந்தோர், 1977 வன்செயலுக்குப் பின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தோர்.

பல்லிடத்தார்: பிறப்பிடம், வாழ்விடம், முன்னாள் வதிவிடம், தற்போதைய வதிவிடம் என நான்கு படி இறங்கி, நான்காம் படி பனி பெய்யும் ஊராய் முடிவோர்.

இங்கு ஓர் ஐயம் எழும். இடம்பெயர்ந்து தங்கிய இடமெல்லாம் இடவடையில் வருமோ? வாரா. 2009இல் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் வன்னி மக்கள் கூடாரங்களுக்குள் இருந்தனர். அம்முகாமை வதிவிடமாகக் கொண்ட ஓர் அன்னாரையும் யாம் கண்டிலம். கொள்ளுதல் என்னும் வினைக்குக் கொள்பவரின் உடன்பாடு வேண்டும் என்பது இதற்கு இலக்கணக் காரணம் ஆகலாம்.

4. முதலாம் வேற்றுமை

இனி நூலின் நடு. கூர்ந்து கேள். அன்னார்த் தொடர்களுள் தலையாயது எழுவாய்த் தொடர். ‘அன்னார்’ என்று தொடங்கி ‘ஆவார்’ என்று முடியும். இடைப்பட்டன எல்லாம் உறவு. மகனும், மருமகனும், கணவரும், தந்தையும், மாமனாரும், மைத்துனரும், சகலனும், பேரனும், பூட்டனும் என எண்ணும்மை பெற்று அடுக்கி வரும் இவ்வமைப்பு உம்மைக்கோவை எனப்படும். கனகராயன் ஆறு வழியில் வரும் வாய்க்கால்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு வடக்கே ஓடி இரணைமடுவில் விழுவதுபோல, உம்மைகள் யாவும் ‘ஆவார்’ என்னும் ஒரு முற்றில் சென்று விழும். தொடரின் நடுவில் முற்றுப்புள்ளி இட்டால் ஒரு கிளையார் செத்தவீட்டுக்கு வாரார்.

4.1 அடைநெறி. உறவின் தொலைவை அடைமொழி காட்டும். கணவர்க்கும் மனைவிக்கும் ‘அன்பு’. பெற்றோர்க்குப் ‘பாசமிகு’. பேரப்பிள்ளைகள் வாயிலாக வருகையில் ‘ஆசை’. உடன்பிறந்தார்க்கு ‘அன்பு’ திரும்பவும் வரும், அச்சகத்தார் களைப்படையாதிருப்பின். மைத்துனர் வரையில் அடை தேய்ந்துவிடும். சகலன் அடையின்றி வெறுஞ்சகலனாய் நிற்பார். ‘பாசமிகு சகலன்’ என்னும் தொடர் எங்கேனும் அகப்படின் நாளும் இடமும் குறித்து எமக்கு எழுதுக.

4.2 பெறாமக்கள். ஆணுக்கு அண்ணன் தம்பியர் பிள்ளைகளையும், பெண்ணுக்கு அக்கை தங்கையர் பிள்ளைகளையும் ஈழத்தார் பெறாமகன், பெறாமகள் என்பர். பெறாதவரைப் பெயரிலேயே பெறாதவர் என்று ஒத்துக்கொண்டு, பெற்றவர்களுக்கு அடுத்த வரியில் அமர்த்தும் நேர்மை இச்சொல்லுக்கு உண்டு. இதன்மேல் உரை வேண்டா.

4.3 அடைப்புநாடு. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பின்னால் பிறைக்குறிக்குள் நாடு வரும்: இன்னார் (கனடா), இன்னார் (பிரான்ஸ்), இன்னார் (சுவிஸ்), இன்னார். இறுதி இன்னாரைக் காண்க. அவருக்குப் பிறைக்குறி இல்லை. அவரே மகள், கனகராயன்குளத்தில் இருப்பவர், கஞ்சி ஊட்டியவர், படுக்கைத் துணி அலசியவர், வைத்தியசாலைக்குப் பேருந்தில் கூட்டிச் சென்றவர், அறிவித்தலை அச்சகத்துக்குக் கொண்டுபோனவரும் அவரே. இருக்குமிடத்தில் இருப்போர்க்கு இடம் சொல்லப்படுவதில்லை என்பது நெறி. பிறைக்குறியில் தொழிலும் வரலாம். ‘ஆசிரியை’ வரும், ‘கிராம அலுவலர்’ வரும். வெளிநாட்டுப் பிள்ளையின் பிறைக்குறிக்குள் தொழில் வருதல் அரிது. நாடே தொழில் எனக் கொள்க.

4.4 அடைநீட்சி. இது கடினமான இடம். ‘காலஞ்சென்ற இன்னார், இன்னார், இன்னார் ஆகியோரின் அன்புச் சகோதரரும்.’ காலஞ்சென்ற என்னும் பெயரெச்சம் முதல் இன்னாரோடு நின்றுவிடுகிறதா, மூவரையும் கொண்டுபோகிறதா? எழுத்தில் இதற்கு விடை இல்லை. ‘காலஞ்சென்றவர்களான’ என்று பன்மையில் எழுதுவோர் ஐயம் தவிர்த்தோர் ஆவர்; அத்தகையோர் சிலர். தவிராதபோது மூன்றாம் இன்னார் தேநீர்க்கடையில் வடையோடு இருந்து தம் இறப்பைத் தாமே வாசிக்க நேரும். இவ்வாறு உயிரோடு அடைநீட்சியில் அகப்பட்டோரை இடையகப்பட்டார் என்க. அவர்கள் செத்தவீட்டுக்குத் தவறாது வருவர்.

4.5 மூச்செல்லை. மூவுருளியின் கூரையில் ஒலிபெருக்கி கட்டி ஊர்வலம் வரும் அறிவிப்பாளர் இத்தொடரை வாயால் சொல்லவேண்டியவர். தாள் தரும் காற்புள்ளி நுரையீரலுக்குப் போதாது. அவருள் மூவகையர். படிமூச்சர் ஒவ்வோர் உம்மையிலும் இளைப்பாறுவார். நெடுமூச்சர் பெற்றோரிலிருந்து மைத்துனர் வரை ஒரே மூச்சில் சென்று பூட்டனில் சாய்வார். முறிமூச்சர் ‘அன்பு மனைவியின்’ என்று நிறுத்திவிட்டுப் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறிய பின் ‘சகோதரரும்’ என்பார். வண்டி மன்னகுளம் நோக்கித் திரும்பிவிடுமாகலின் ‘ஆவார்’ என்னும் முற்றைப் பலர் கேட்டதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அன்னார் இன்னும் எதுவும் ஆகவில்லை.

5. இரண்டாமதும் மூன்றாமதும்

இரண்டாவது ‘அன்னாரை இழந்து துயருறும் குடும்பத்தினருக்கு’ என ஒரே வாய்பாட்டில் வரும். இழ என்னும் வினையன்றிப் பிற வினையை ‘அன்னாரை’ என்னும் வடிவம் ஏற்காது. அன்னாரைப் பார்த்தேன், அன்னாரை ஏசினேன் என்பன வழு. மூன்றாவது ‘அன்னாரால் கட்டப்பட்ட’ எனக் கிணற்றுக் கட்டிலும் தரிப்பிடத் திண்ணையிலும் மட்டும் வரும். இவ்வளவில் அமைக.

6. நான்காம் வேற்றுமை

கொடை குறித்தது. ‘அன்னாருக்கு எமது கண்ணீர் அஞ்சலி.’ தாளில் அன்று, பதாகையில் வரும். கொடுப்போர் விளையாட்டுக் கழகத்தார், வணிகர், பழைய மாணவர், கமக்காரர் அமைப்பினர், அயல்நாட்டுக் கிளையார் என ஐவகையர். பதாகையில் கொள்வோர் பெயரும் கொடுப்போர் பெயரும் எழுத்துப் பருமனில் போட்டியிடும். கொள்வோர் பெயர் பெரிதாயின் அது முதற்கொடை. இரண்டும் ஒத்தால் இடைக்கொடை. கொடுப்போர் பெயர் பெரிதாகி, அவர்தம் தொலைபேசி எண்ணும் கடையில் கிடைக்கும் பொருள்களும் சேர்ந்தால் அது கடைக்கொடை. ஈண்டுக் கடை என்பது இருபொருட்படும்.

7. ஐந்தாம் வேற்றுமை

நீங்கல் பொருளது. ‘அன்னாரிடமிருந்து.’ அச்சில் வாராது. காடாத்து முடிந்து, எட்டும் கழிந்து, பந்தல் பிரிக்கும் நாளில் மூத்த மகனைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொல்லப்படும். ‘அன்னாரிடமிருந்து எனக்கு வரவேண்டிய ஒரு சிறு தொகை’ என்று தொடங்கும். இன்னாராய் இருந்தபோது கேட்கத் துணியாதோர் வாயிலேயே இது பெரும்பாலும் பிறக்கும்.

8. ஆறாம் வேற்றுமை

உடைமை. நன்னூலார் வழி நின்று தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக்குக. பிரிக்க ஒண்ணாதது முன்னது, பிரியக்கூடியது பின்னது. என் கை தற்கிழமை, என் வயல் பிறிதின்கிழமை. ‘அன்னாரின் பூதவுடல்’ எதன்பாற்படும்? நேற்று முன்மாலை வரை தற்கிழமை. இன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சுடலைக்கு எடுத்துச் செல்லப்படுவதாகலின் பிறிதின்கிழமை. ஒரு பொருள் கிழமை மாறும் இவ்விடத்தைப் பழைய உரைகாரர் ஆராயவில்லை. அவர்க்குச் சுவரொட்டி கிடைத்திலது. ‘அன்னாரின் ஆத்மா’ என்பதோ கொள்கைக்கேற்ப மாறும். சிவநெறியாரும் கிறித்தவரும் வேறு வேறு விடை தருவர். ‘அன்னாரின் காணி’ ஐயத்துக்கிடமின்றிப் பிறிதின்கிழமை. எவர்க்கு என்பதில் மட்டும் வழக்குண்டு. அதுவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பின்னரே.

இவ்வேற்றுமைத் தொடர் நாள், நேரம், சுடலை மூன்றையும் சொல்லி, ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்’ என்னும் வியங்கோளில் இறும். வருக என்றில்லை, ஏற்றுக்கொள்க என்றே உள்ளது. இதன் பொருத்தம் 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 அடைபட்டபின் விளங்கிற்று. யாழ்ப்பாணத்தில் தமையன் இறக்க, கனகராயன்குளத்தில் தங்கை வானொலியில் அன்னார்த் தொடரை முற்றும் கேட்டு, அதில் தன் பெயரும் வரக் கேட்டு, முற்றத்தில் நின்றாள். தொடர் அவளிடம் கேட்டதைச் செய்தாள்: ஏற்றுக்கொண்டாள். வேறு வினை எழுதியிருந்தால் அவளால் இயன்றிராது.

9. ஏழாம் வேற்றுமை

‘அன்னாரிடத்தில் காணப்பட்ட நற்பண்புகள்.’ இரங்கலுரையில் வரும். பண்புகள் பொதுவில் மூன்று: எளிமை, விருந்தோம்பல், எவரோடும் சிரித்துப் பேசுதல். பேசுவோர்க்கு இறந்தவரைத் தெரிந்திருத்தல் கட்டாயமன்று.

10. விளி

எட்டாம் வேற்றுமை விளி. ‘அன்னாரே!’ என்னும் வடிவம் இல்லை. சுட்டுப்பெயர்கள் விளி ஏலா என்பது இலக்கண நூலார் துணிபு, அன்னார் சுட்டுப்பெயர், எனவே விளி ஏலார். ஒப்பாரியில் ‘என்ர ராசா’, ‘என்னைப் பெத்த ஐயா’ என்று விளிப்பர். அங்கே அன்னார் என்னும் சொல் வாராது. உட்கூடத்தில் ஐயா, வெளிச்சுவரில் அன்னார் என இரண்டும் தத்தம் எல்லையில் நிற்கும்.

11. விலக்கு

எல்லோரும் அன்னார் ஆவரோ எனின், ஆகார். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இலும், வவுனியாவில் அதே திங்கள் 24இலும் தாய்மார் பந்தலிட்டு அமர்ந்தனர். போரின் முடிவிலும் அதற்கு முன்னும் கையளிக்கப்பட்டோர், பிடித்துச் செல்லப்பட்டோர் படங்கள் அவர்கள் கையில் உள்ளன. அறிவித்தலுக்கு வேண்டிய யாவும் அவர்களிடம் உண்டு: ஒளிப்படம், பிறப்பிடம், பெற்றோர் பெயர், உடன்பிறந்தார் பெயர். அன்னார் என்னும் சொல்லை மட்டும் அவர்கள் எழுத ஒப்பார். படத்தின்கீழ் ‘எங்கே’ என்னும் வினாச்சொல் நிற்கிறது. இவ்வகைக்கு யாம் பெயர் இடவில்லை.

12. உயிரன்னார்

உயிருள்ளவரை அன்னார் என்றலும் ஓரிடத்து உண்டு. பணி ஓய்வு பெறும் தலைமையாசிரியர்க்கும், மாற்றலாகிச் செல்லும் அலுவலர்க்கும் நடக்கும் பிரியாவிடை விழாவில் பாராட்டுமடல் வாசிக்கப்படும். ‘அன்னாரின் சேவை’ என்ற சொல் காதில் விழுந்ததும் மேடையில் மாலையோடு அமர்ந்திருப்பவர் ஒரு நொடி தம் கைகளைப் பார்த்துக்கொள்வார். பின்னர் சோடாவைக் குடிப்பார். குடித்தல் உண்டாயின் உயிரன்னார், இன்றேல் இயல்பன்னார். இரண்டையும் பிரிக்க இந்த ஓர் அளவுகோல் போதும்.

13. வழு

13.1 எச்சவழு. அச்சகக் கணினியில் முன்னைய அறிவித்தல் அழிக்கப்படாமல் இருக்கும். அதிலே பெயர்களை மாற்றிப் புதியது ஆக்குவர். விரைவில் ஒரு பெயர் மாறாது எஞ்சிவிடும். முன்னைய அன்னாரின் மைத்துனர் இவ்வாறு அடுத்த அன்னாரின் கோவையிலும் தங்கி, அதற்கடுத்ததிலும் தங்கி, ஊரில் எவர் இறப்பினும் உறவாகிவிடுவார். இவர் ஒட்டுமைத்துனர். துடக்குக் காத்தல் இவருக்கு உண்டோ என்பது குருக்கள்பாற் கேட்டறிக.

13.2 மேய்வழு. பசை கோதுமை மாவாகலின் மாடு தாளைத் தின்னும். ஏ9 ஓரம் இரவில் படுத்து எழும் மாடுகள் விடியலில் சுவரை நாடும். வாய்க்கு எட்டுவது கீழ்வரி. எனவே முதலில் போவது ‘தகவல்: குடும்பத்தினர்’ என்பதும் தொலைபேசி எண்ணும். அடுத்து நேரமும் சுடலையும். ஆடு முன்னங்காலைத் தூக்கி மைத்துனர் வரை எட்டும். படமும் அன்னார் என்னும் சொல்லும் மேலே தப்பும். மழையோ மேலிருந்து தொடங்குமாகலின் அதன் அழிவில் முறை தலைகீழ்.

13.3 ஒட்டுவழு. தேர்தல் வந்தால் வேட்பாளரின் சுவரொட்டி இறப்பறிவித்தலின் மேற்பாதியை மறைத்து ஒட்டப்படும். கூப்பிய கையும் சிரித்த முகமும் விருப்பெண்ணும் மேலே. மாடு எட்டாத நடுப்பகுதி கீழே. சேர்த்து வாசிக்கையில் வேட்பாளரின் முகத்துக்கு அடியில் ‘அன்னாரின் இறுதிக்கிரியைகள் நாளை’ என்று இருக்கும். இக்கலப்பை வேட்பன்னார் என்க. காவலர் வந்து மேலொட்டைக் கிழித்துச் செல்வர். அது தேர்தல் நெறி பற்றியது, நம் துறை அன்று. இலக்கண நோக்கில் அத்தொடரில் வழு இல்லை: சுட்டப்பட்டவர் மேலே இருக்கின்றார், சுட்டு கீழே இருக்கின்றது.